கண்ணும் காதும் முரண்படும்போது மூளை யார் பக்கம் சாய்கிறது?

கேள்வி: கண் ஒன்றைச் சொல்ல, அதே நேரத்தில் காது வேறொன்றைச் சொன்னால் மூளை எதை நம்பும்? எப்படி முடிவெடுக்கிறது?

பதில்: "கண்ணைத்தான் நம்பும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். உளவியல் பாடங்களிலும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது அரைகுறையான பதில். கண் தோற்றுக் காது ஜெயிக்கும் சூழல்கள் ஏராளம். இரண்டுமே சொல்லாத மூன்றாவது ஒன்றை நாம் உணரும் சூழலும் உண்டு. மூளை எந்தப் புலனுக்கும் நிரந்தர அதிகாரம் கொடுத்து வைக்கவில்லை. இந்தக் கணத்தில், இந்த விஷயத்தில் எதன் தகவலில் பிழை குறைவோ, அதன் பக்கம் அதிகமாகச் சாய்கிறது. அப்படிச் சாய்வதற்கும் முன்பு இன்னொன்றைப் பார்க்கிறது: இந்த ஒளியும் இந்த ஒலியும் ஒரே பொருளிலிருந்து வந்தவைதானா? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். பிழைக் கணக்கு எளிது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

இடத்துக்குக் கண், நேரத்துக்குக் காது

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில் கண்ணுக்கு நிகரில்லை. விழித்திரையில் விழும் பிம்பமே ஒரு வரைபடம்தான். இடப்பக்கப் பொருள் ஓரிடத்தில் விழும், வலப்பக்கப் பொருள் வேறிடத்தில் விழும். நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியும் தெரியும். காதுக்குள் அப்படி ஒரு வரைபடம் இல்லை. உட்செவியின் நத்தைக்குழலில் நரம்புகள் சுருதி வரிசையில் அமைந்திருக்கின்றன; திசை வரிசையில் அல்ல. திசையை மூளை கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒலி ஒரு காதை எட்டியபின் மற்றக் காதை எட்ட ஆகும் நேரம், இரு காதுகளிலும் கேட்கும் உரப்பில் உள்ள வேறுபாடு, காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் மாற்றம் ஆகிய மூன்றும்தான் அதன் கையிருப்பு. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்குதான். நேர் எதிரே, அமைதியான அறையில் 1 டிகிரி விலகல்வரை காது கண்டுபிடிக்கும். பக்கவாட்டில் போகப் போகவும், எதிரொலிக்கும் கூடத்திலும் இது பல மடங்கு மோசமாகும்.

எப்போது, எத்தனை முறை என்ற கேள்விகளில் நிலைமை தலைகீழ். காதின் மயிர்ச்செல்களை அதிர்வு இழுத்ததும் அவற்றின் அயனி வாயில்கள் நேரடியாகத் திறந்துவிடும். மைக்ரோநொடிகளில் வேலை முடிந்துவிடும். விழித்திரையிலோ ஒளி பட்டதும் ரோடாப்சின் என்ற ஒளியுணர் நிறமியில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வேதிவினைகள் நடந்து முடிய வேண்டும். அதற்குப் பல பத்து மில்லிநொடிகள் ஆகும். (மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலின் நடுவே 2, 3 மில்லிநொடி மௌனம் விட்டாலும் காது கண்டுகொள்ளும். ஒரு விளக்கு நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அணைந்து எரிந்தாலோ பெரும்பாலோர் கண்ணுக்கு அது அணையாமல் எரியும் விளக்கு.

ஆகவே "எங்கே" என்பதில் சண்டை வந்தால் வழக்கமாகக் கண் ஜெயிக்கும்; "எப்போது", "எத்தனை" என்பதில் காது ஜெயிக்கும். ஆனால் இதையும் ஒரு சட்டமாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். பிழையின் அளவு மாறினால் முடிவும் மாறும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

ஒரு பொருள் நேர் எதிரே, 0 டிகிரியில் இருக்கிறது என்று கண் சொல்கிறது. அதன் பிழை வீச்சு, அதாவது அது சொல்வது உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு, 2 டிகிரி. அதே பொருள் வலப்பக்கம் 10 டிகிரியில் இருக்கிறது என்று காது சொல்கிறது. அதன் பிழை வீச்சு 8 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் உரிய எடை, பிழை வீச்சின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். கண்ணுக்கு நான்கில் ஒன்று, காதுக்கு அறுபத்து நான்கில் ஒன்று. அதாவது 16-க்கு 1. முடிவு 10-ஐ 17-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 0.6 டிகிரி. காது சொன்னது கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. இப்போது பனி மூட்டமோ இருட்டோ வந்து கண்ணின் பிழை வீச்சு 16 டிகிரி ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். விகிதம் 1-க்கு 4 ஆகும்; முடிவு 8 டிகிரிக்குத் தாவும். அதே கண், அதே காது. ஆனால் தீர்ப்பு காதின் பக்கம் வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் இன்னொரு முக்கியமான விளைவு ஒளிந்திருக்கிறது. இரண்டின் பிழையும் 8 டிகிரியாக இருந்தால் முடிவு நடுவில், 5 டிகிரியில் வரும். அந்த முடிவின் பிழையோ 8 அல்ல, சுமார் 5.7 டிகிரி. தனித்தனியாக எந்தப் புலனும் தர முடியாத துல்லியம் சேர்க்கையில் கிடைக்கிறது. மூளை உண்மையிலேயே கலக்கிறதா, அல்லது ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றொன்றை அப்படியே எடுத்துக்கொள்கிறதா என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் தேடும் அடையாளம் இந்தப் பிழைக் குறைவுதான்.

2004-ல் டேவிட் அலைஸ், டேவிட் பர் இருவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். திரையில் ஓர் ஒளித்திட்டு, கூடவே ஒரு 'க்ளிக்' ஒலி. இரண்டையும் சற்றே விலக்கி வைத்தார்கள். திட்டு 4 டிகிரி அகலத்தில் கூர்மையாக இருந்தபோது ஒலி அதன் இடத்துக்கு இழுபட்டது. திட்டை 64 டிகிரிக்கு மங்கலாகப் பரப்பியபோது, ஒலி இருக்கும் இடத்துக்கு ஒளி இழுபட்டது. 32 டிகிரியில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். சேர்த்துப் பார்த்தபோது பிழையும் கணக்குச் சொன்னபடி குறைந்தது. கண்ணின் ஆதிக்கம் பிறவிச் சலுகை அல்ல, அன்றாடம் துல்லியத்தால் சம்பாதிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மாயக்குரல் கலைஞர் கையில் இருக்கும் பொம்மை பேசுவதாகத் தோன்றுவது இதனால்தான். அவர் குரலை எங்கேயும் 'எறிவதில்லை'. தன் உதட்டை அசைக்காமல், பொம்மையின் வாயைச் சொற்களோடு ஒட்டி அசைக்கிறார். மீதியைப் பார்ப்பவரின் மூளை செய்துகொள்கிறது. கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் போடும்போது ஒலிபெருக்கி ஓரமாக ஒரு கம்பத்தில் இருக்கும். வசனம் என்னவோ நடிகரின் வாயிலிருந்து வருவதாகத்தான் கேட்கும்.

ஒரு மின்னல், இரண்டாகத் தெரிவது

நேரக் கணக்கில் காது கண்ணை வெல்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, லாடன் ஷாம்ஸ் குழுவினர் 2000-ல் வெளியிட்ட சோதனை. ஒரே ஒரு முறை ஒரு வெள்ளை வட்டம் பளிச்சிடும். அதோடு இரண்டு குறுகிய 'பீப்' ஒலிகள். பார்ப்பவர் "இரண்டு முறை பளிச்சிட்டது" என்பார். சும்மா சொல்வதில்லை, உண்மையாகவே இரண்டு தெரியும்.

கணினியில் செய்து பார்க்கலாம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் வீடியோ ஒன்றை உருவாக்குங்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் சின்னக் கூட்டல் குறி. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, 2 சென்டிமீட்டர் அகல வெள்ளை வட்டத்தை ஒரே ஒரு ஃப்ரேமில் வையுங்கள். அது 17 மில்லிநொடி. முதல் பீப் வட்டத்தோடு சேர்ந்து வரட்டும், இரண்டாவது 60 மில்லிநொடி கழித்து. ஒவ்வொரு பீப்பும் 10 மில்லிநொடிக்குள் முடிந்துவிட வேண்டும். திரையிலிருந்து 57 சென்டிமீட்டரில் உட்காருங்கள். அந்தத் தொலைவில் திரையின் 1 சென்டிமீட்டர் கண்ணுக்கு 1 டிகிரி. எனவே வட்டம் 10 டிகிரி ஓரத்தில் விழும். கண்ணைக் கூட்டல் குறியிலிருந்து நகர்த்தக் கூடாது.

பலிக்காமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது கண்ணைத்தான். வட்டத்தை நேராகப் பார்த்தால் கண்ணின் துல்லியம் ஏறிவிடும், மாயம் கலைந்துவிடும். ஓரப்பார்வை நேரக்கணக்கில் காதுக்கு எளிதில் இணங்கும். அடுத்த சந்தேகம் பீப்களின் இடைவெளி: 100 மில்லிநொடியைத் தாண்டினால் விளைவு வேகமாகத் தேயும். இரண்டும் சரியாக இருந்தால், ஒலியைப் பிந்தவைக்கும் புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுக் கம்பி வழி ஹெட்போன் மாட்டுங்கள். இன்னொன்று: எப்போதும் இரண்டு பீப் மட்டுமே கொடுத்தால் ஆட்கள் ஊகித்துச் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பீப்போடு ஒரு வட்டம், இரண்டு பீப்போடு இரண்டு வட்டம், ஒலியே இல்லாமல் ஒரு வட்டம் என்று கலந்து காட்ட வேண்டும்.

பா, கா, தா

இனி, இரண்டுமே சொல்லாத மூன்றாவது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976-ல் வெளியிட்டது இது. உதடு 'கா' என்று அசைகிறது, ஒலிப்பதோ 'பா'. பார்ப்பவருக்கு 'தா' என்று கேட்கிறது. இதற்கு மெக்கர்க் விளைவு என்று பெயர். பஸ், பல்ப் என்ற சொற்களில் வரும் அதிர்வுள்ள 'ப' ஒலியை வைத்து அவர்கள் செய்தபோது வயதுவந்தவர்களில் 98 சதவீதப் பதில்கள் இப்படிக் கலந்து வந்தன. பாடு, பால் என்பதில் வரும் அதிர்வற்ற 'ப' ஒலியில் 81 சதவீதம். சிறு பிள்ளைகளிடம் விளைவு குறைவாகவே இருந்தது.

ஏன் 'தா'? ப, ம இரண்டும் இரு இதழும் சேரப் பிறப்பவை, ககாரம் அடிநாவும் அண்ணமும் சேரப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துவைத்திருக்கிறது. அந்த வகைப்பாடுதான் இங்கே சாவி. உதடு மூடித் திறப்பதைக் கண் தவறவே விடாது. வாய்க்குள் ஆழத்தில் அடிநா எழுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. உதடு 'கா' என்று அசையும்போது கண் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "உதடு ஒட்டவில்லை, ஆகவே இது ப அல்ல." அது 'க'வா, 'த'வா என்பதில் கண்ணுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. காதோ "இது ப-வுக்கு நெருக்கமான ஒலி" என்கிறது. ஒலியளவில் ப-வுக்கும் த-வுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. உதடு ஒட்டாமலும் ப-வுக்குப் பக்கத்திலும் இருக்கும் ஒரே வேட்பாளர் நாநுனி ஒலி. அது தேர்வாகிறது. சிலருக்கு அது 'டா' என்றும் கேட்கும்.

தலைகீழாக்கிப் பாருங்கள்: உதடு 'பா', ஒலி 'கா'. இப்போது உதடு ஒட்டியது கண்கூடு, மறுக்க முடியாது. க ஒலியும் தெளிவு. அதையும் மறுக்க முடியாது. சமரசத்துக்கு வழியில்லாததால் பலருக்கு 'ப்கா' என்பதுபோல் இரண்டும் அடுத்தடுத்துக் கேட்கும். ஒரே விதியிலிருந்து இரண்டு வேறுபட்ட விளைவு வருவதுதான் இந்தச் சோதனையின் அழகு.

கைபேசியே போதும். ஒருவரின் முகம் திரையை நிறைக்கும்படி, வெளிச்சம் முகத்தின்மீது விழும்படி உட்கார வையுங்கள். நொடிக்கு ஒன்று வீதம் "பா… பா… பா" என்று ஒரு பதிவு, அதே நிதானத்தில் "கா… கா… கா" என்று இன்னொரு பதிவு. எடிட்டிங் செயலியில் 'கா' வீடியோவின் ஒலியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'பா' ஒலியை வையுங்கள். ஒலி அலையில் ஒவ்வோர் எழுத்தும் வெடித்துக் கிளம்பும் முனை தெரியும். பழைய ஒலியின் முனை இருந்த அதே இடத்தில் புதிய முனையைப் பொருத்துங்கள். 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது 33 மில்லிநொடி. அதற்குமேல் விலகாமல் இருந்தால் நல்லது. காட்டும்போது "என்ன கேட்டது? எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை.

மீசை மேலுதட்டை மறைத்தாலோ முகம் திரையில் சிறுத்துப்போனாலோ கண்ணின் சாட்சி பலவீனமாகிவிடும். அமைதியான அறையில் மிகத் தெளிவான ஒலி கொடுத்தாலும் காது விட்டுக்கொடுக்காது. மின்விசிறியை ஓடவிட்டு, ஒலியைச் சற்றுத் தணித்து வைத்தால் விளைவு கூடும். முந்தைய எடைக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. இவ்வளவு செய்தும் சிலருக்குக் கேட்கவே கேட்காது. பின்னாளில் நடந்த பெரிய அளவிலான சோதனைகளில், ஒருபோதும் ஏமாறாதவர்கள் முதல் ஒவ்வொரு முறையும் ஏமாறுபவர்கள் வரை எல்லா வகையினரும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது குறைபாடு அல்ல. கேட்பவர்களுக்கோ, ரகசியம் தெரிந்த பின்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அறிவு இந்தக் கலவையைத் தடுப்பதில்லை.

ஒன்றா, இரண்டா?

இதுவரை சொன்ன எடைக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தினால் விபரீதமாகிவிடும். வலப்பக்கம் நாய் குரைக்க, எதிரே பூனை உட்கார்ந்திருந்தால், இரண்டின் சராசரியில் ஒரு குரைக்கும் பூனையை நாம் உணர வேண்டியிருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம், சேர்ப்பதற்கு முன் மூளை போடும் முதல் கேள்வி: மூலம் ஒன்றா, இரண்டா? 2007-ல் கான்ராட் கோர்டிங் முதலானோர் இதை நிகழ்தகவுக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். இடத்திலும் நேரத்திலும் ஒளியும் ஒலியும் எவ்வளவு நெருக்கமோ, ஒரே மூலம் என்பதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம். வாய்ப்பு அதிகமானால் கலக்கும். குறைந்தால் தனித்தனியாக விட்டுவிடும். நடுவில் இருந்தால் பாதி இழுபடும்.

நேரத்தில் எவ்வளவு விலகலை மன்னிக்கும் என்பதில்தான் விஷயம் சுவையாகிறது. பேச்சைப் பொறுத்தவரை, ஒலி 30 மில்லிநொடி முந்துவதிலிருந்து 170 மில்லிநொடி பிந்துவது வரை மெக்கர்க் விளைவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இந்த ஜன்னல் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். இயற்கையில் ஒலி ஒளியை முந்துவதே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு மீட்டருக்கு 3 மில்லிநொடி தாமதம். பத்து மீட்டரில் நிற்பவர் பேசினால் 30 மில்லிநொடி. சேப்பாக்கம் கேலரியில் மட்டையிலிருந்து 75 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் பந்து பட்ட சத்தம் 220 மில்லிநொடி பிந்தி வரும். அந்த அளவில் பலருக்கும் பிசகு புலப்பட்டுவிடும். இடி மின்னலில் விலகல் நொடிக்கணக்கில் போவதால் அவை இரண்டு நிகழ்ச்சிகளாகவே ஆகிவிடுகின்றன.

கண்ணின் வேதிவினைத் தாமதம் இங்கே ஒரு ஈடுசெய்தலும் ஆகிறது. அருகில் இருக்கும் பொருளின் ஒலிதான் மூளையை முதலில் எட்டும்; தூரத்துப் பொருளின் ஒளி முதலில் எட்டும். ஏறத்தாழ 10 மீட்டரில் இரண்டும் சமம். ஆகவே "ஒரே நேரம்" என்பது மூளைக்குக் கையில் கிடைக்கும் தகவல் அல்ல, அது ஊகித்துக் கட்டுவது. அந்த ஊகத்தைத் திருத்தவும் முடியும். வகா புஜிசாகி குழுவினர் 2004-ல், ஒலியை ஒரே அளவில் பிந்தவைத்துச் சில நிமிடங்கள் காட்டினார்கள். அதன்பின் ஆட்களின் 'ஒரே நேரம்' அந்தத் திசையில் நகர்ந்திருந்தது. தொலைக்காட்சியில் சற்றே பிசகிய வசனம் கொஞ்ச நேரத்தில் பழகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளுக்கு இந்த ஜன்னல் அகலம். வளர வளரக் குறுகும். வயதுவந்தவர்களிலும், சரி தவறு என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தால் குறுகுவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மூளைக்குள் எங்கே?

இதற்கென ஒரே ஓர் இடம் கிடையாது. நடுமூளையில் உள்ள சுப்பீரியர் கொலிகுலஸ் என்ற சிறு மேடு, கண்ணையும் தலையையும் சட்டென்று திருப்பும் வேலையைச் செய்வது. பூனைகளில் அதன் ஆழ அடுக்குகளை ஆராய்ந்த பாரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும், ஒளிக்கும் ஒலிக்கும் சேர்ந்து பதில் தரும் நரம்புச் செல்களை அங்கே கண்டார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால் அந்தச் செல்லின் பதில் தனித்தனிப் பதில்களின் கூட்டுத்தொகையையும் மிஞ்சலாம். தூண்டல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குப் பலன் அதிகம். மங்கலில்தான் கூட்டு தேவை என்பதால் இது பொருத்தமான ஏற்பாடு.

அந்த மேட்டுக்கு ஒரு சங்கடமும் உண்டு. காதுகள் தலையோடு ஒட்டியவை. கண்கள் குழிக்குள் உருள்பவை. கண்ணை 20 டிகிரி வலப்பக்கம் திருப்பினால் அங்கே உள்ள ஒளி வரைபடமும் ஒலி வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிசகிவிடும். குரங்குகளில் பார்த்தபோது, கண் திரும்பும்போது ஒலிக்கான செல்கள் பதில் தரும் திசையின் எல்லையும் கூடவே நகர்வது தெரியவந்தது.

பேச்சுக் கலவை, காதுக்கு மேலே பொட்டு மடலில் ஓடும் ஒரு நீண்ட மடிப்பைச் சார்ந்திருக்கிறது. மெக்கர்க் சோதனையின்போது அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் ஒரு கணம் குலைத்தால் விளைவு குறைகிறது. மக்கள் காதில் விழுந்த 'பா'வையே சொல்கிறார்கள். இடம் பற்றிய கணக்கு படிப்படியாக நடப்பதை டிம் ரோஹேயும் உட்டா நாப்பனியும் 2015-ல் மூளைப் படங்களில் காட்டினார்கள். தொடக்கப் பார்வைப் பகுதியிலும் கேட்டல் பகுதியிலும் ஒவ்வொரு புலனும் பெரும்பாலும் தன் கணக்கை வைத்திருக்கிறது. உச்சி மடலின் ஒரு பள்ளத்தில் பின்பகுதி இரண்டையும் கண்ணைமூடிக் கலக்கிறது. அதே பள்ளத்தின் முன்பகுதியில்தான் 'ஒன்றா இரண்டா' என்ற ஐயத்தையும் சேர்த்த இறுதிக் கணக்கு.

கற்றுக்கொண்ட நம்பிக்கை

கண் ஏன் காதுக்கு வாத்தியாராக இருக்கிறது என்பதற்கு ஆய்வாளர் எரிக் நுட்சனின் கூகை ஆந்தைகள் விடை சொல்கின்றன. உலகத்தை 23 டிகிரி பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடிகளைக் குஞ்சுகளுக்கு மாட்டினார். காதுகளில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் சில வாரங்களில் ஆந்தைகளின் ஒலி வரைபடம் பொய்யான பார்வையோடு ஒத்துப்போகும்படி நகர்ந்துவிட்டது. வளர்ந்த ஆந்தைகளில் இது மிகக் குறைவு. கோணத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்டினால் அவையும் ஓரளவு கற்றன.

மனிதரில் இதன் சிறு வடிவத்தை நிமிடங்களில் பார்க்கலாம். ஒளியை எப்போதும் ஒலிக்கு 8 டிகிரி வலப்பக்கம் வைத்துச் சில நிமிடங்கள் காட்டிவிட்டு, பிறகு ஒலியை மட்டும் கேட்கச் செய்தால் அது சற்று வலப்பக்கம் நகர்ந்து கேட்கும். இளமை அனுபவம் தவறினால் இழப்பும் உண்டு. பிறவிக் கண்புரையோடு பிறந்து, பின்னர் சிகிச்சையில் பார்வை பெற்றவர்களிடம் உதட்டசைவையும் குரலையும் சேர்க்கும் திறன் குறைந்திருப்பதை 2007-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில், இரண்டரை வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் (உட்செவியில் பொருத்தும் மின்கருவி) பெற்றவர்களே பெரும்பாலும் இயல்பாகக் கலக்கிறார்கள். இந்தச் சிகிச்சைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

வீட்டிலும் மேடையிலும்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்கு வகுத்த பி.டி.1359 பரிந்துரை, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடிப்பார், பிந்தினால் 125 வரை கண்டுபிடிக்க மாட்டார் என்கிறது. சகித்துக்கொள்ளும் எல்லை முந்தலில் 90, பிந்தலில் 185. மேலே சொன்ன சாய்ந்த ஜன்னல்தான் இது. படத்தொகுப்பில் சந்தேகம் வந்தால் ஒலியை ஒரு ஃப்ரேம் பின்னால் தள்ளுங்கள், முன்னால் தள்ளாதீர்கள். டப்பிங்கிலும் எல்லா எழுத்துக்கும் மெனக்கெட வேண்டியதில்லை. ப, ம வரும் இடங்களில் உதடு ஒட்டுவது பொருந்திவிட்டால் நடுவில் உள்ளவற்றை மூளை தாராளமாக மன்னித்துவிடும்.

தொலைக்காட்சியில் ஒலி முந்துகிறது என்றால், பெரும்பாலும் படத்தை மெருகேற்றும் அமைப்புகள் படத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஒலி சவுண்ட்பார் வழியாக நேரே போய்விடுகிறது. கேம் மோடுக்கு மாற்றுங்கள், அல்லது சவுண்ட்பாரில் ஆடியோ டிலேயைக் கூட்டுங்கள். புளூடூத்தில் சிக்கல் எதிர்த்திசை: ஒலி பிந்தும். சவுண்ட்பாரால் அதை முன்னுக்கு இழுக்க முடியாது. படத்தை ஓட்டும் மென்பொருள்தான் இழுக்க வேண்டும். கணினியில் வி.எல்.சி. பிளேயர் என்றால் ஜே விசை ஒவ்வொரு முறையும் ஒலியை 50 மில்லிநொடி முன்னுக்கும், கே விசை அதே அளவு பின்னுக்கும் நகர்த்தும்.

அளக்க வேண்டுமானால், ஒளியும் பீப்பும் சேர்ந்து வரும் சோதனை வீடியோவை ஓட்டி, கைபேசியில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். ஒளிக்கும் பீப்புக்கும் இடையில் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி 4.2-ஆல் பெருக்கினால் மில்லிநொடி. கைபேசி ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சில கைபேசிகளின் ஸ்லோமோஷன் ஒலியே பிசகியிருக்கும் என்பதால் முதலில் ஒரு கைத்தட்டலைப் பதிந்து பார்த்து, அந்தப் பிசகைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பந்தலில் பின்வரிசைக்குத் தனி ஒலிபெருக்கி வைப்பவர்கள், மேடையிலிருந்து உள்ள தூரத்தை 340-ஆல் வகுத்து வரும் தாமதத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். 34 மீட்டர் என்றால் 100 மில்லிநொடி. அதோடு 10 முதல் 15 மில்லிநொடி கூட்டினால், முதலில் வந்து சேரும் மேடை ஒலியையே காது மூலமாகக் கொள்ளும். பேச்சாளர் இருக்கும் திசையைக் கண்ணும் உறுதிசெய்யும். தாமதமே கொடுக்காவிட்டால், பக்கத்துக் கம்பத்திலிருந்து முதலில் ஒரு குரலும், மேடையிலிருந்து பின்னால் அதன் எதிரொலிபோல் இன்னொன்றும் கேட்டு, சொற்கள் குழம்பும்.

காது மந்தமானவர்களோடு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பயன்படும். 1954-லேயே சம்பி, பொலாக் இருவரும், இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிவது, ஒலியைப் பல டெசிபல் கூட்டியதற்குச் சமம் என்று காட்டியிருக்கிறார்கள். பலன் இரைச்சல் கூடக் கூடத்தான் அதிகம். எனவே உரக்கக் கத்துவதற்கு முன்பு, ஒன்று ஒன்றரை மீட்டரில் நேருக்கு நேர் உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும்; வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி இடம் மாறுங்கள். வீடியோ அழைப்பில் படம் ஒலிக்குப் பின்னால் விக்கி விக்கி வந்தால், அது மூளை மன்னிக்காத திசை. அப்போது உதட்டைப் பார்ப்பதால் உதவியைவிடக் குழப்பமே மிஞ்சும். படத்தை அணைத்துவிட்டு பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்துத் துணையை இயக்கிக்கொள்வது மேல்.